எட்வின் கட்சி

எல்சி என்கிற வெள்ளைக்காரி கட்டின புருஷனை அம்போவென்று விட்டுவிட்டு முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டாள். இந்தச் சமாச்சாரத்தைக் கம்பெனி வேனுக்குள் கொண்டுவந்தவள் வெள்ளானூர் சுரேகா. அதற்கு முன்னால் அந்த வேனில் பேச்சு என்றால் சூப்பர்வைசரின் தொப்பை, தண்ணி லாரி வராதது, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஊர்க்கதையாகத்தான் ஓடும். திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்காட்லாந்து வந்து நடுசீட்டில் உட்கார்ந்துகொண்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் செட் பின்னிக் கொடுக்கும் கம்பெனி அது. வேன் பூந்தமல்லியில் கிளம்பி, ஆவடியில் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொண்டு, வெள்ளானூர் கூட்டுரோட்டில் சுரேகாவை ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே ஒரு டஜன் பெண்கள், ஒரு டிரைவர். டிரைவர் பெயர் பூபாலன். சுரேகாவின் தங்கை விஜியைக் கட்டியவன்.

கட்டியவன் என்பதா, கட்டியிருந்தவன் என்பதா என்பதில்தான் ஊருக்கே குழப்பம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்ட வந்த ஹேமநாதனோடு விஜி ஓசூருக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, அடிதடியில்லை, முதல்நாள் வைத்த மீன்குழம்பு கூட அடுப்பு மேலேயே இருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த தெருவே வாயைப் பிளந்தது. பூபாலன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அதுவரைக்கும் சுரேகாவைப் பார்த்தால் "அண்ணி, முன்னாடி குந்துங்க" என்று சீட்டைத் துடைத்துவிடுகிறவன், அன்றைக்கு, "மேடம், கதவ நல்லா இஸ்து சாத்துங்க" என்றான்.

அந்த மேடம் அப்படியே நின்றுவிட்டது. வேறு வண்டி கேட்டு அவளும் போகவில்லை, வேறு ரூட் கேட்டு அவனும் போகவில்லை. இதில் வேனில் இருந்தவர்களுக்கு இருந்த திருப்தி சொல்லி மாளாது. டிக்கெட் இல்லாமல் தினம் இரண்டு வேளை படம் ஓடினால் யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது விஜி திரும்பி வந்துவிட்டாள். தனியாக, ஒரு பையோடு, அக்கா வீட்டுக்கு. இது பரம ரகசியம். வந்தவள் வாசலுக்கு வருவதில்லை, ஜன்னல் பக்கம் நிற்பதில்லை. ஆனால் ரகசியத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் பால் பாக்கெட்டைக் கூட்டி வாங்கக் கூடாது. கொடியில் அளவு மாறின நைட்டியைக் காயப் போடக் கூடாது. இரண்டே நாளில் வெள்ளானூருக்கே தெரிந்து, ஆவடி மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவள் சுரேகா ஒருத்திதான்.

அவள் புருஷன் வரதன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஓர் அக்கா உண்டு.

"ஆடி பொறந்தா எங்கக்கா கூழ் ஊத்த வரும். வந்தா லேசுல கெளம்பாது. அதும் கண்ணுல உன் தங்கச்சி பட்டுச்சினு வெய்யி, அப்பால நானும் ஓசூருக்குத்தான் ஓடணும்" என்றான்.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எந்தப் பெண்ணையும் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடமாட்டார்கள். ஆக, அதற்குள் பூபாலன் மனசு தெரிந்தாக வேண்டும். விஜியைச் சேர்த்துக்கொள்வானா, மாட்டானா?

பெரிய மனுஷர்கள் நாலு பேரை அனுப்பிக் கேட்கலாம். ஆனால் சபையில் வைத்து ஒருத்தன் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டினது மாதிரி. அப்புறம் அவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. நேரில் போய்க் கேட்கலாம் என்றால், மேடம் என்று கூப்பிடுகிறவனிடம் எந்த வாயால் கேட்பது? சுரேகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றாள். கம்பெனியில் பச்சை வயர் போக வேண்டிய ஓட்டையில் நீலத்தைச் சொருகி, ஒரு தட்டு முழுக்கத் திரும்ப வந்தது.

அப்போதுதான் செல்லில் அந்தக் கதை கண்ணில் பட்டது. தொடர்கதை படிக்கிற ஆப் ஒன்று இருக்கிறதல்லவா, தெருவில் பாதிப் பெண்கள் படிக்கிறார்கள், மீதிப் பெண்கள் எழுதுகிறார்கள். அதில் ஸ்காட்லாந்து கதை ஒன்று சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. எல்சி ஒரு டீச்சர். புருஷன் எட்வின் பேங்கில் வேலை பார்க்கிற சாது. ஒருநாள் ஏரியைக் கடக்கப் படகில் ஏறுகிறாள், மூடுபனி சூழ்கிறது, அக்கரையில் இறங்கினால் முந்நூறு வருஷம் முந்தைய காலம். அங்கே ரோரி. கட்டம் போட்ட பாவாடை, தோள் வரைக்கும் செம்பட்டை முடி, எட்டூருக்குக் கேட்கிற சிரிப்பு. எழுதியவர் ஸ்காட்லாந்தைப் பார்த்தவர்தானா என்று சந்தேகம். ஏனென்றால் ரோரியின் அம்மா எல்சிக்கு ஆவி பறக்கப் பரிமாறும் பதார்த்தம் வர்ணனைக்கு வர்ணனை வெண்பொங்கல் மாதிரியே இருந்தது. அதனால் என்ன? கீழே வாசகிகள் குவித்திருந்தார்கள். "ரோரி என் உயிர்." "இப்படி ஒருத்தன் இருந்தா நானும் படகு ஏறத் தயார் சிஸ்." "அடுத்த எபி எப்போ? உங்க கதையால எங்க வீட்ல பால் பொங்கி அடுப்பே அணைஞ்சிடுச்சு."

எட்வினைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. சுரேகா கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

திங்கட்கிழமை வேனில் ஏறியதும், யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லுகிற கதையை முன்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லும்போது கண் மட்டும் டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியிலேயே இருந்தது.

"புருசன வுட்டுட்டு எவனோ பாவாட கட்னவன் கூட போய்ட்டாளா?" என்றாள் தாயம்மா. வேனிலேயே மூத்தவள், கம்பெனி ஷெட் போட்ட நாளிலிருந்து இருக்கிறவள். "செருப்பால அடிக்கணும் அவள."

"அவ எங்க ஆயா போனா? படகுதான் இட்டுகினு போச்சி" என்றாள் தஸ்லீம். பூந்தமல்லியில் ஏறுகிற சின்னப் பெண். காதில் எப்போதும் ஒரு ஒயர் தொங்கும்.

"படகு இட்டுகினு போச்சி, சரி. அவன் இடுப்பப் புடிச்சிகினு குதிரையில குந்தச் சொன்னதும் படகுதானா?"

வேன் குலுங்கிச் சிரித்தது. பூபாலன் கியர் மாற்றினான். கண்ணாடியில் அவன் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேன் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பின்சீட்டு முழுக்க ரோரி கட்சி. ரோரி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினான் என்றால் அங்கிருந்து ஒரு பெருமூச்சு வரும். முன்பக்கம் எட்வின் கட்சி. கட்சி என்று சொல்வது பெருமைக்கு. தாயம்மாவும், எதற்கெடுத்தாலும் அழுகிற ஆவடிக்காரி ஒருத்தியும், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் தாயம்மா. "முந்நூறு வருசம் பின்னால போயும் அவ ரொட்டிதான சுட்டுகினு கீறா? அடுப்பு வேற வெறகு அடுப்பு. இதுக்கு எட்வின் ஊட்லயே குந்திகினு கேஸ்ல சுட்டிருக்கலாமே!"

"லவ்வு ஆயா, லவ்வு!"

"லவ்வு பாத்திரம் கழுவுமாடி?"

புதன்கிழமைதான் சுரேகா கையை வைத்தாள். நிஜக் கதையில் எல்சி அங்கேயே இருந்தாள். ரோரியோடு மலையேறிக்கொண்டும் எதிரிகளிடமிருந்து தப்பித்துக்கொண்டும் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. சுரேகாவின் கதையில் எல்சிக்கு ஒருநாள் திடீரென்று மனசு கேட்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்தாள், படகு நின்றது, ஏறினாள், இக்கரைக்கு வந்துவிட்டாள்.

"வந்துட்டாளா!" என்று பின்சீட்டு அலறியது. ரோரி கட்சிக்கு இடி.

"வந்துட்டா. வந்து அவங்க அக்கா ஊட்ல கீறா" என்றாள் சுரேகா.

"எல்சிக்கு அக்கா ஏது?" என்று கேட்டாள் தஸ்லீம். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். தஸ்லீம் கிள்ளியவளைப் பார்த்தாள், கிள்ளியவள் டிரைவர் முதுகைப் பார்த்தாள், தஸ்லீம் ஒயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"எத்தினி நாளு ஆச்சி அவ போயி?" என்றாள் தாயம்மா, முகத்தில் ஒன்றுமே இல்லாமல்.

"ஒன்ற வருசம்."

"ஓ. ஒன்ற வருசம்னே எழுதிக்கீறாங்களா?"

"எழுதிக்கீறாங்க" என்று சுரேகா சூடம் அணைக்காத குறையாகச் சொன்னாள். வேனில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே ஏதோ இருப்பதுபோலப் பார்த்தார்கள். வெளியே ஒரு பஞ்சர் கடைதான் இருந்தது.

அதற்கு மேல் அது கதையா என்ன? வியாழக்கிழமை முழுக்க விசாரணை. எட்வின் சேர்த்துக்கணுமா, கூடாதா? ஆளுக்கொரு தீர்ப்பு. ஸ்காட்லாந்து என்றுதான் பேசினார்கள். ஆனால் யார் வாயிலும் ஸ்காட்லாந்து குளிர் இல்லை.

"சேத்துக்கினா தெருவே சிரிக்கும்."

"ஸ்காட்லாந்துல தெரு சிரிக்குமா?"

"தெருன்னா எல்லா ஊர்லயும் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். தெருவா வந்து சோறு ஆக்கிப் போடப் போவுது?"

"ஆனா ஒண்ணு. அவளா வரல. அங்க இன்னாவோ கசந்துகீது, வந்துட்டா. நாளைக்கி இங்க கசந்தா?"

சுரேகாவுக்குக் கைப்பை வாரை முறுக்கி முறுக்கி விரல் சிவந்துவிட்டது. அழுகிற ஆவடிக்காரி அழுதாள். பூபாலன் எஸ்டேட் கேட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விட்டான். ஒரு கிலோமீட்டர் போய் வளைத்துக்கொண்டு வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் வழி தப்பியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை திருமுல்லைவாயல் பக்கம் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தால் வண்டிகள் நகரவில்லை. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஹாரன் மழை, உள்ளே புழுக்கம். சுரேகா மறுபடி ஆரம்பித்தாள். எல்சி அக்கா வீட்டில் சாப்பிடாமல் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். எட்வின் சட்டையை மோந்து மோந்து அழுததாகச் சொன்னாள். எல்சி படகில் போகும்போது எட்வின் சட்டையை எங்கே எடுத்துப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தவள் தஸ்லீம்தான். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கதை என்றால் உயிர். அதைக் கண்ணெதிரே ஒருத்தி பிய்த்துப் போட்டால் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"அக்கா, கோச்சிக்காதீங்க. நானும் அந்தக் கதைய முழுசா படிச்சிக்கீறேன். அதுல எல்சி திரும்பி வரவே இல்ல. ரோரி கூடத்தான் கீறா. ஒரு கொழந்த கூட பொறந்துடுச்சி. நீங்க சொல்ற கத அதுல இல்லியே!"

கிள்ளுவதற்கு நீண்ட கை பாதியில் நின்றது. சுரேகாவுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது.

"அவ சொல்றது நிஜம்தான்" என்றது முன்சீட்டு.

பன்னிரண்டு தலைகளும் நிமிர்ந்தன. பூபாலன் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சிமெண்ட் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தே பேசினான்.

"நானும் படிக்கிறேன். காலைல உங்கள எறக்கி உட்டா சாயங்காலம் வரைக்கும் வண்டியில குந்திகினு வேற இன்னா வேல? செவ்வாக்கிழமயே ஆப்ப ஏத்திட்டேன். அந்தப் பொண்ணு திரும்பி வரல. நீங்கதான் அண்ணி இட்டுகினு வந்துட்டீங்க."

அண்ணி என்கிற வார்த்தை விழுந்ததில் சுரேகாவுக்கு மீதி எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. தாயம்மாதான் சுதாரித்துக்கொண்டாள்.

"அப்ப நீயும் எங்க கூட சேந்து படிக்கிறியா? யார் கட்சி நைனா நீ?"

"கட்சியெல்லாம் இல்ல ஆயா. கீழ எழுதலாம்ல, அதுல எழுதிக் கேட்டேன். எட்வின் இப்ப எங்க கீறாரு, சாப்ட்டாரா, தூங்குனாரான்னு ஒரு வரியாச்சும் எழுதுங்க மேடம்னு. எழுதறவங்க பதில் சொல்லல. சேலத்துக்காரி ஒருத்தி மட்டும் கேட்டா, 'எட்வின் யாரு சிஸ்?'னு."

யாருக்கோ சிரிப்பு வந்து தொண்டையிலேயே செத்தது.

"எட்வினும் படகு ஏறுனான்" என்றான் பூபாலன். "அது கதையில இல்ல. நான் சொல்றேன் கேளுங்க. ஒரு ஞாயித்துக்கெழம பஸ் புடிச்சி அக்கரைக்குப் போனான். தெருவ விசாரிச்சி, ஊட்டக் கண்டுபுடிச்சி, எதுத்தாப்புல டீக்கடையில நின்னான். அவ மாடியில துணி காயப் போட்டுகினு இருந்தா. கீழ எவளோ இன்னாவோ சொன்னா, இவ சிரிச்சா. நம்ம ஊட்ல அப்டி சிரிச்சி அவன் பாத்ததில்ல. டீய வெச்சிட்டுத் திரும்பி வந்துட்டான். இத்த எவன் எழுதுவான்?"

அழுகிற ஆவடிக்காரி கூட அழ மறந்துவிட்டாள். சுரேகாவுக்கு அவன் ஓசூருக்குப் போனது இன்றைக்குத்தான் தெரியும். விஜிக்கும் தெரியாது.

"அப்ப" என்று தாயம்மா மெதுவாகக் கேட்டாள், "திரும்பி வந்தா சேத்துக்குவானா மாட்டானா அவன்?"

லாரி நகர்ந்தது. பூபாலன் வண்டியை எடுத்தான்.

"அத்த எல்சி வந்து கேக்கட்டும் ஆயா. ஒரு வேன் முழுக்க ஆளு வெச்சா கேப்பாங்க?"

அன்றைக்கு சுரேகா கையில் எந்த வயரும் எந்த ஓட்டையிலும் சரியாகப் போகவில்லை. எல்சி வந்து 'கேக்கட்டும்' என்றால் சரி என்றுதானே அர்த்தம்? அல்லது, வந்து கேட்டால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதற்காகக் கூப்பிடுகிறானோ? மதியம் சாப்பாட்டு டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். தாயம்மா இரண்டு கைகளையும் விரித்து, "ரெண்டும் இருக்கும்டி" என்றாள். ஆறுதல் சொல்லத் தெரியாதவள்.

வீட்டுக்குப் போய் விஜியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. டீக்கடையில் அவன் நின்ற இடம் வரைக்கும் விஜி சத்தமில்லாமல் கேட்டாள். அப்புறம் கையிலிருந்த முறத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"அஞ்சி நாளா என்ன வெச்சி வண்டியில கத சொல்லிகினு இருந்தியா? அந்த ஆயாவும் அந்த மூக்கொழுகியும் குந்திகினு, சேத்துக்கலாமா வேணாமான்னு ஓட்டுப் போட்டாளுங்களா?"

"உனக்காகத்தான்டி..."

"எனக்காக நீ ஒண்ணியும் பண்ண வேணாம். நான் போனது தப்பு. அத்த நான் சொல்லிக்கிறேன். இந்த மனுசன் ஊட்டுக்கு வந்தா ஊமையாட்டம் குந்தியிருப்பாரு, அந்தாளு ஊட்டுக்கே வரமாட்டான், ஊர் ஊரா லைட்டு கட்டப் போயிடுவான். ரெண்டு எடத்துலயும் நான் செவுத்தோடதான் பேசிகினு இருந்தேன். இத்த எந்த வெள்ளக்காரி கதையில போடுவ நீ?"

வரதன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான், நன்றாகக் கேட்பதற்காக.

சனிக்கிழமை காலை வெள்ளானூர் கூட்டுரோட்டில் வேன் வந்து நின்றபோது, சுரேகா பக்கத்தில் விஜி நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே பை. உள்ளே ஒரு ஜன்னல் விடாமல் முகம். தஸ்லீம் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டாள்.

விஜி நேராக டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள்.

"எங்கக்கா சொன்ன கதையெல்லாம் வுடு. நான்தான் போனேன், நான்தான் வந்துக்கீறேன். ஊட்டுக்கு வரட்டா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லு."

பூபாலன் வாயைத் திறந்தான், மூடினான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலும் அவன் இப்படித்தான் இருந்திருப்பான் என்று வேன் முழுக்கப் புரிந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன், "யோவ், கல்யாணப் பேச்ச ஓரமா வெச்சிப் பேசுங்கய்யா!" என்று கத்தினான்.

"பூட்டு மாத்தல" என்றான் பூபாலன்.

"எங்கிட்ட சாவி இல்ல. ஓசூர்லயே தொலைச்சிட்டேன்."

அவன் சாவி அவன் பாக்கெட்டில்தான் இருந்தது. கையைக்கூட வைத்தான், எடுக்கவில்லை.

"அப்ப வாசப்படியில குந்து. சாயங்காலம் வந்து தொறக்குறேன்."

பகல் முழுக்க, முத்தாபுதுப்பேட்டைத் தெருவில், பூட்டின வீட்டு வாசலில்! போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க! சுரேகா குறுக்கே வந்தாள். "இன்னா தம்பி இது, அவ எப்டி..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இருக்கா" என்றாள் விஜி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டிருந்த அதே ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று சுரேகாவைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தெருவைக் கேட்டால் நன்றாகச் சொல்லும். முதலில் ஒருத்தரும் அவள் பக்கம் போகவில்லை. குழாயடிக்கு ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கு வேலை வந்தது இந்த ஊர் வரலாற்றிலேயே கிடையாது. அப்புறம் எதிர்வீட்டுத் துலுக்கானத்தின் பெண்டாட்டி ஒரு செம்பு தண்ணியோடு போனாள், தண்ணி கொடுக்க அல்ல, பார்க்க. பார்த்ததும் கொடுத்துவிட்டாள். வெயில் ஏறினபோது யாரோ ஒரு பழைய குடையையும் ஒரு கிண்ணம் குழம்புசோறும் கொண்டுவந்து வைத்தார்கள். மதியம் தாண்டினபோது விஜியின் மடியில் ஒரு கட்டு முருங்கைக் கீரை இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை, உருவிக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாளாம். "ஆமா, போனேன். ஆமா, வந்துட்டேன். உப்பு ஜாஸ்தியா போட்டுக்கீற குழம்புல, அதான் தண்ணி தாகம்." கேட்கிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் வேன் கிளம்பியது. வெள்ளானூரில் சுரேகா இறங்கவில்லை. சரி, அக்காக்காரி. ஆனால் ஆவடியில் தாயம்மாவும் இறங்கவில்லை.

"இன்னா ஆயா, எறங்கல?"

"மூட்டு வலி நைனா. ஒரு ரவுண்டு சுத்திகினு போறேன்."

"சுத்துனா மூட்டு வலி போயிடுமா? எறங்கு ஆயா. இது கம்பெனி வண்டி, பொண்ணு அழைக்கப் போற வண்டியில்ல."

ஒவ்வொருத்தியையும் அவளவள் இடத்தில் இறக்கிவிட்டுத்தான் மறுகாரியம் பார்த்தான். பூந்தமல்லியில் இறங்கிய தஸ்லீம், "அக்கா, இன்னா ஆச்சின்னு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாவது போடுங்க" என்று கெஞ்சினாள்.

திரும்பி வருகிற வழி முழுக்கச் சுரேகாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முத்தாபுதுப்பேட்டைத் தெருமுனையில் திரும்பும்போது விளக்குகள் போட்டுவிட்டார்கள். வாசல்தோறும் ஆள். விஜி படியில் அப்படியே இருந்தாள். குடை மடக்கிப் பக்கத்தில் கிடந்தது.

பூபாலன் வண்டியை வீட்டுக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சுரேகாவிடம் நீட்டினான்.

"நீங்க போய்த் தொறந்து வுடுங்க அண்ணி. நான் டீசல் போட்டுகினு வரேன்."

டேங்க் முழுசாக இருப்பது முள்ளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சுரேகா எதையும் பார்க்கவில்லை, சாவி கைக்கு வந்ததே போதும் என்று இறங்கி ஓடினாள். விஜி எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். அக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள். மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரையே வந்து தொறக்கச் சொல்லு."

"அடியே, தெருவே பாக்குதுடி. உள்ள போ மொதல்ல!"

"காலைலேந்து பாத்துகினுதான் கீது. இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்."

சுரேகா சாவியோடு வண்டிக்குப் பாதி தூரம் நடந்தாள். நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் போவதா, அந்தப் பக்கம் போவதா என்று தெரியவில்லை. ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த கால் அது, இப்போது எந்தப் பக்கமும் எழும்பவில்லை.

இன்ஜின் சத்தம் நின்றது. பூபாலன் இறங்கி வந்தான். சுரேகா கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு படி ஏறினான். பூட்டைத் திறக்கவில்லை. அவள் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்து ஏதோ சொன்னான். அவள் ஏதோ கேட்டாள். அவன் மறுபடி சொன்னான். இந்த முறை நீளமாக, கையை எல்லாம் ஆட்டிக்கொண்டு.

என்ன சொன்னான் என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த நேரம் பார்த்துத் துலுக்கானம் வீட்டில் மருமகள் அடைக்கு அரைக்க மிக்ஸியைப் போட்டுத் தொலைத்தாள். ஒரு எழுத்துகூட யார் காதிலும் விழவில்லை. அந்த மருமகளைத் தெரு இன்னும் மன்னிக்கவில்லை. மிக்ஸி நின்றபோது படியில் குடை மட்டும்தான் கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

துலுக்கானத்தின் பெண்டாட்டி மூச்சிரைக்க ஓடிவந்து சுரேகாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னா சுரேகா, இன்னா சொன்னாரு? சேந்துட்டாங்களா? நீ பக்கத்துலதான நின்ன, சொல்லேன்!"

சுரேகா பூட்டில்லாத கதவைப் பார்த்தாள்.

"எனக்கு எப்டிக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ ஏதாவது வருகிறதா என்று தெருமுனைக்கு நடந்தாள்.